பிள்ளைகளின் கையில் கதைப் புத்தகம்

(கோடை விடுமுறைத் தீனியாத் வகுப்பின் நிறைவு நிகழ்ச்சியில், சுரண்டை ஜமாஅத்தார் முன்னிலையில் நமது பள்ளியின் பேஷ் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

மதரஸா அறையின் அலமாரியில் கதைப் புத்தகங்களும் வைக்கலாமா என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுந்தபோது, மூத்தவர் ஒருவர், "ஹஜ்ரத், ஓதுகிற இடத்தில் நாவலா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அன்று நாம் விடை கூறாமல் இருந்துவிட்டோம். விடை சற்று நீளமானது என்பது ஒரு காரணம். அந்த விடைக்குள் நம்முடைய தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது என்பது மற்றொரு காரணம். அதை ஒருவரிடம் தனியாகச் சொல்வதைக் காட்டிலும் சபையில் சொல்வதே முறை என்று கருதி இன்று பேச வந்துள்ளோம்.

நாம் இமாமத் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். ஊர் வேறு; பெயர் வேண்டாம். மஃரிபுக்குப் பின் நடக்கும் மக்தபில், பதினான்கு வயதுடைய மாணவர் ஒருவர் ரெஹாலுக்குக் கீழே புத்தகம் ஒன்றை மறைத்து வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தோம். தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'. அரசு நூலகத்து முத்திரை இருந்தது. ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டினோம். ஊரை ஏமாற்றும் ஒரு தங்களைப் பற்றிய பகுதி கண்ணில் பட்டது. மார்க்கப் பெரியவர்களை இழிவுபடுத்தும் நூல் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினோம். புத்தகத்தை அவருடைய வாப்பாவிடம் கொடுத்து, கண்டித்து வைக்குமாறு கூறினோம். வாப்பா கண்டித்தார். நூலக உறுப்பினர் அட்டையும் அத்தோடு போயிற்று. நாம் வாசித்தது அரைப் பக்கம். தீர்ப்பளித்தது முழுப் புத்தகத்திற்கும்.

பல ஆண்டுகள் கழிந்தபின், ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் அந்த மாணவரைச் சந்தித்தோம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். தாடி வைத்த இளைஞர். ஸலாம் கூறி, கையைப் பற்றிக்கொண்டு நலம் விசாரித்தார். பிரியும் வேளையில் புன்னகையோடு, "ஹஜ்ரத், அந்தக் கதையில் கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் நம்மை மிகவும் வருத்தியது. நமக்கு விடை தெரியவில்லை. நாம் அந்த நூலை வாசித்திருந்தால்தானே தெரியும்!

அதன்பிறகே அந்த நாவலைத் தேடி எடுத்து முழுமையாக வாசித்தோம். ஆசிரியர் நமக்கு அந்நியர் அல்லர். தேங்காய்ப்பட்டணத்தில் 1944ஆம் ஆண்டு பிறந்து, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்து வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு மறைந்தவர். இந்த நாவலும் முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. அதாவது, நம்முடைய வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த பத்திரிகையிலேயே வெளிவந்த கதையை நாம் பகைவர் எழுதியதாக எண்ணிப் பறித்திருக்கிறோம்.

வெள்ளையர் காலத்துத் திருவிதாங்கூரில் ஒரு முஸ்லிம் கடற்கரைக் கிராமம். அங்கே வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி வைத்ததே சட்டம். ஊருக்கு ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறது. அது ஹராம் என்கிறார்கள். ஏழைகள் பயந்து வாய் மூடி இருக்கிறார்கள். மார்க்கத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் அவர்களுடைய அறியாமையைத் தின்று வாழ்கிறார். நாவல் குறை கூறுவது மார்க்கத்தை அன்று. மார்க்கத்தை மறைத்துக்கொண்டு நின்றவர்களை. இதை ஓர் ஆலிம் எழுதியிருந்தால் 'இஸ்லாஹ்' என்று புகழ்ந்திருப்போம். மிளகாய் வியாபாரி எழுதியதால் 'நாவல்' என்று ஒதுக்கினோம். கதையின் முடிவை இங்கே கூறமாட்டோம். அந்த இளைஞருக்கும் கூறவில்லை; நூலையே வாங்கி அனுப்பிவைத்தோம்.

பெரியோர்களே! நாம் மதரஸாவில் அரபி இலக்கியம் ஓதியபோது கையில் எடுத்த கிதாபுகளில் ஒன்று 'மகாமாத்துல் ஹரீரி'. பஸராவைச் சேர்ந்த இமாம் ஹரீரி அவர்கள் 1122ஆம் ஆண்டு மறைந்தவர்கள். ஐம்பது கதைகள் கொண்ட அந்நூலின் முதல் கதை என்ன தெரியுமா? ஸன்ஆ நகரில் ஒருவர் மக்களைச் சுற்றி நிறுத்தி, மறுமையை நினைவூட்டி உபதேசம் செய்கிறார். கூட்டம் உருகிக் காசு கொடுக்கிறது. கதையைச் சொல்கின்ற ஹாரித் இப்னு ஹம்மாம், இப்பெரியவர் யார் என்று அறியும் ஆவலில் பின்தொடர்கிறார். குகை ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தால், உபதேசி வெள்ளை ரொட்டியையும் பொரித்த ஆட்டுக்குட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்; பக்கத்தில் மதுக்குடம்! அவர்தான் ஸரூஜ் நகரத்து அபூஸைத். ஐம்பது கதைகளிலும் ஊர் ஊராக வேடம் மாற்றி ஏமாற்றுபவர்.

இதை நமக்கு ஓதிக் கொடுத்தவர்கள் தஹஜ்ஜுத் தவறாத உஸ்தாதுகள். இக்கதையால் மாணவர்களின் ஈமான் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சியதில்லை. மாறாக, சொல்லழகில் மயங்கி ஆளை நம்பிவிடாதீர்கள் என்ற பாடத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளாக ஆலிம்கள் அபூஸைதை வாசிக்கலாம். சுரண்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை தோப்பில் மீரானின் தங்களை வாசிக்கக்கூடாது என்றால், அதற்கு என்ன நியாயம்? நமக்கு அரபி தெரியும், பிள்ளைக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு நியாயம் நமக்குத் தோன்றவில்லை.

குர்ஆன் ஷரீபின் பன்னிரண்டாவது ஸூரா யூஸுஃப். சரித்திரங்களில் மிக அழகியது என்று அல்லாஹுத் தஆலாவே அதற்குப் பெயரிட்டுள்ளான். அதில் சகோதரர்களின் பொறாமை இருக்கிறது. தந்தையிடம் சொல்லும் பொய் இருக்கிறது. ஒரு பெண்ணின் தகாத ஆசையும், செய்யாத குற்றத்திற்குச் சிறையும் இருக்கின்றன. இவற்றை மறைத்துச் சொல்லப்பட்ட சரித்திரம் அன்று அது. நாவலை வேதத்தோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம், நவூது பில்லாஹ். மனிதர்களின் தவறுகளைச் சொல்லும் கதை என்பதனாலேயே ஒரு கதை தீயதாகிவிடாது என்பதற்காகவே கூறினோம்.

நம்முடைய முன்னோர் கதை எழுதவும் தயங்கியதில்லை. ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு துஃபைல் அவர்கள், 1185இல் மறைந்தவர்கள், மனிதரே இல்லாத தீவில் மான் வளர்த்த குழந்தை, தன் சிந்தனையால் இறைவனை அறிவதை 'ஹய் இப்னு யக்ளான்' என்ற கதையாக எழுதினார்கள். அது 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீன் மொழியில் அச்சேறியது. தமிழில் நாவல் என்ற வடிவம் பிறந்து ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை அவர்கள் 'அசன்பே சரித்திரம்' எழுதினார்கள். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர்களும் அவர்களே. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938இல் வெளியிட்ட 'காதலா கடமையா' நாவலுக்கு உ.வே. சாமிநாத ஐயர் முன்னுரை வழங்கினார். பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகளே படித்த முஸ்லிம் பெண்மணி எழுதிய நாவலுக்குத் தமிழ்த் தாத்தாவின் முன்னுரை! திரைக்கு அப்பால் இருக்கும் பெண்பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சரி, பிள்ளைகளுக்கு எந்த நூல்களைக் கொடுப்பது? இங்கேதான் சிக்கல். பன்னிரண்டு வயதுவரை சிறுவர் கதைகள் இருக்கின்றன. இருபது வயதுக்குமேல் பெரியவர்களின் நூல்கள் இருக்கின்றன. இடைப்பட்ட வயதினருக்குத் தமிழில் நெடுங்காலம் தனியே எதுவும் இல்லை. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்ற பெண், தான் பள்ளியில் படித்த நாட்களிலேயே தன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி எழுதத் தொடங்கிய நாவல் 1967இல் வெளிவந்தது. அதன்பிறகு அங்கே 'இளையோர் நாவல்' என்று தனிப் பிரிவே வளர்ந்தது. நம் காலத்தில் நமக்குக் கிடைத்தவை பேருந்து நிலையக் கடையில் தொங்கிய மாத நாவல்களும், சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களுமே. இரும்புக்கை மாயாவியை நாமும் கிதாபுக்குள் வைத்து வாசித்தவர்கள்தாம். உஸ்தாதிடம் அடியும் வாங்கியிருக்கிறோம். அதை மறந்துவிட்டுத்தான் அந்த மாணவரின் புத்தகத்தைப் பறித்தோம்.

இப்போது நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. கோவில்பட்டி உதயசங்கர் அவர்கள் கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை' என்ற இளையோர் நாவலுக்கு 2023இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றது. அவர்களுக்கே உரிய இன்னொன்று, கரிசல் மண்ணின் இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் எழுதிய 'பிஞ்சுகள்'. பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடிக் காடு மேடெல்லாம் அலையும் சிறுவனின் கதை. சுரண்டைக் குளக்கரையில் கொக்கு எது, நாரை எது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் இதை வாசித்தபின் தலையை உயர்த்திப் பார்ப்பார்கள் என்று நம்புகிறோம்.

யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குறித்துத் தனியாகச் சொல்லவேண்டும். 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்பவர்களைப் பற்றியது; அதைப் பயந்து மறைக்காமல் நம்பிக்கைக்குரிய பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்பதைக் கதையின் வழியே பிள்ளைக்கு உணர்த்துவது. இப்பொருளை மிம்பரில் நின்று பேச நமக்கு நாணம் தடுக்கிறது. வீட்டில் பேச உங்களுக்குத் தடுக்கிறது. வெளியில் தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் வேறு. பிள்ளைகள் கூடும் எந்த இடமும், பள்ளிக்கூடமோ மதரஸாவோ உறவினர் வீடோ, இதற்கு விலக்கு அன்று. ஆகவே இந்நூலைப் பிள்ளையிடம் கொடுப்பதற்குமுன் தாய்தந்தையர் இருவரும் வாசித்துவிடுங்கள். பிள்ளை ஏதேனும் கேட்க வந்தால், கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். இதுவொன்றே நம் வேண்டுகோள்.

பதினான்கு, பதினைந்து வயதுக்கு நாம் முதலில் கையில் கொடுப்பது, கிர்கிஸ் நாட்டு எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்'. மலையடிவார முஸ்லிம் கிராமம். எழுத்துக்கூட்டி மட்டுமே வாசிக்கத் தெரிந்த தூய்ஷேன் என்ற இளைஞர், பாழடைந்த குதிரை லாயத்தைச் சீர்செய்து பள்ளிக்கூடம் தொடங்குகிறார். ஊர் சிரிக்கிறது. உறையும் குளிரில் ஓடையைக் கடக்க முடியாத சின்னஞ்சிறு பிள்ளைகளை அவர் தோளிலும் கையிலும் தூக்கிக் கடத்துகிறார். அல்தினாய் என்ற யத்தீம் பெண்ணை அவளுடைய சிற்றன்னை வயதானவனுக்குக் கட்டிவைக்க முனைகிறாள். அந்தப் பெண் பின்னாளில் பெரும் கல்விமானாகிறாள். அதே ஊரில் புதுப் பள்ளிக்கூடத் திறப்பு விழா நடக்கும்போது அவள் மேடையில் அமர்ந்திருக்கிறாள். கிழவராகிவிட்ட தூய்ஷேனோ குதிரையில் தபால் கொண்டு திரிகிறார். அந்த இடத்தை வாசித்தபோது நமக்கு அலிஃப், பே கற்றுக் கொடுத்த உஸ்தாதின் முகம் வந்து நின்றது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர்களுக்குத் துஆ செய்தோம். தூய்ஷேன் பொதுவுடைமைவாதி. அக்கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லை. அதனால் என்ன? ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக் கடத்திய முதுகுக்குக் கொள்கைப் பரீட்சை வைப்போமா?

அடுத்து வைக்கம் முஹம்மது பஷீர். மலையாளத்தில் 1951இல் வெளிவந்த அவருடைய 'உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது' தமிழிலும் கிடைக்கிறது. கேரளம் நமக்குத் தொலைவு இல்லை. செங்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடும். குஞ்ஞுபாத்துமாவின் உம்மாவுக்கு ஒரே பெருமை: அவளுடைய வாப்பாவிடம் ஒரு கொம்பானை இருந்தது. வழக்கில் சொத்தெல்லாம் போய்க் குடிசைக்கு வந்தபின்னும் ஆனைப் பெருமை போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் படித்த முஸ்லிம் குடும்பம் ஒன்று குடிவருகிறது. அந்த வீட்டுப் பெண் குஞ்ஞுபாத்துமாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். கடைசியில் தெருப்பிள்ளைகள், அந்த ஆனை குழியானை என்று கூவிச் சிரிக்கிறார்கள். மணலில் சிறுகுழி தோண்டி எறும்பைப் பிடிக்குமே, அந்தப் பூச்சி! எங்கள் பாட்டனார் இத்தனை ஏக்கர் வைத்திருந்தார், எங்கள் வீட்டில் இத்தனை பேர் ஹஜ் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டே, மகளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்துகின்ற வீடுகளில் இந்நூலை உரக்க வாசிக்கவேண்டும். சிரிப்பு வரும், பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

பதினாறு கடந்த ஆண்பிள்ளைகளுக்குப் பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்தது. 'அசுரன்' திரைப்படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்; நமக்குத் தெரியும், தலையைக் குனியவேண்டாம். அப்படத்திற்கு அடிப்படை இந்நாவலே. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டுத் தகப்பனாரோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். திரையில் சண்டை பெரிதாகத் தெரியும். நூலில் அந்தத் தகப்பனார் மகனைக் கடிந்து பேசாமல், சோறு பொங்கிக் கொடுத்து, உறங்க வைத்துக் காவல் இருப்பதே பெரிதாகத் தெரியும். இந்த ஒரு நூலை மட்டும் வாப்பாவும் மகனும் ஒரே வாரத்தில் வாசித்து, பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவேண்டும் என்று விரும்புகிறோம். 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யும் இவ்வயதுக்கே உரியது. அதே ஆசிரியருக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த 'சாய்வு நாற்காலி'யில் குடும்பக் கொடுமைகள் கடுமையாக வருகின்றன. அது கல்லூரிக்குச் சென்றபின் வாசிக்கத்தக்கது. எல்லா நூலும் எல்லா வயதுக்கும் அன்று என்பதை நாம் மறுக்கவில்லை. நம் மறுப்பெல்லாம், வாசிக்காமலே தீர்ப்பளிப்பதற்குத்தான்.

திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாயார் சென்ற வாரம் கேட்டனுப்பினார்கள்: "எனக்கு எழுத்துக் கூட்டவே வராது; பிள்ளை என்ன வாசிக்கிறது என்று நான் எப்படிப் பார்ப்பது?" நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம்வரை சுற்றுகிறீர்கள். கை வேலை செய்கிறது. காது சும்மா இருக்கிறது. கண்ணூரில் 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தின் கூடங்களில், தொழிலாளர்களில் ஒருவர் நாளிதழையும் நாவலையும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் தாங்கள் சுற்றியதிலிருந்து பங்கு கொடுத்து அவருடைய கணக்கை நிறைத்துவிடுவார்கள். கியூபா நாட்டின் சுருட்டு ஆலைகளிலும் 1860களில் இருந்தே இவ்வழக்கம் உண்டு. அங்கே ஒரு சுருட்டுக்கு 'மாண்டிகிறிஸ்டோ' என்று பெயர். தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட நாவலின் பெயர் அது. தாய்மார்களே, மகளை எதிரில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அன்று அவள் சுற்றவேண்டிய பீடியை நீங்கள் கூடுதலாகச் சுற்றிவிடுங்கள். மகள் என்ன வாசிக்கிறாள் என்பது தெரிந்துவிடும். மகள் என்ன நினைக்கிறாள் என்பதும் அப்படியே தெரிந்துவிடும்.

நூல்களை விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பதில்லை. 1948ஆம் ஆண்டுப் பொதுநூலகச் சட்டம் நமது மாநிலத்தில்தான் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலில் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே நாம் கட்டிவருகிறோம். கட்டிய பணத்துக்குப் பிள்ளையின் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை எடுத்துத் தர யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை.  கேட்கும் நூல் அங்கே இல்லையென்றால், இல்லை என்று திரும்பிவிடாமல், எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூத்தவர் அவர்களின் கேள்விக்கு வருவோம். ஓதுகின்ற இடத்தில் நாவலா? தொழுகைக் கூடத்தில் வேண்டாம். அதில் அவர்கள் சொல்வதே சரி. வுளூச் செய்யும் ஹவுளை ஒட்டிய மதரஸா அறையில், மேற்குச் சுவர் அல்லாத பக்கத்தில், ஓர் அலமாரி. நிர்வாகக் குழு இசைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இன்று குறிப்பிட்ட நூல்களில் கிடைத்தவற்றை வாங்கி வைத்துள்ளோம். ஒவ்வொன்றையும் நாம் முழுமையாக வாசித்திருக்கிறோம். எந்தப் பெற்றோருக்கு எந்த நூலின்மீது மனக்குறை இருந்தாலும் நம்மிடம் வரலாம். ஒரே ஒரு நிபந்தனை: முழுமையாக வாசித்துவிட்டு வரவேண்டும்.

பள்ளிக்கூடம் திறப்பதும் குற்றாலத்தில் சாரல் விழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிகழும். அதன்பிறகு உங்களைப் பிடிக்க முடியாது. ஆகவே வரும் சனிக்கிழமை அஸருக்குப் பின்னரே அலமாரி திறக்கப்படும். சாவி மோதினார் அவர்களிடம் இருக்கும். பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதி எடுத்துச் செல்லலாம். பதினைந்து நாட்கள் தவணை. 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' ஒரே படிதான் இருக்கிறது. அதன் முதல் வரிசையில், நம்மிடம் கேள்வி கேட்ட மூத்தவர் அவர்களே தம் பெயரை நேற்று எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளவும்.